சந்தனம்

கப்பலூர் சிட்கோவில்
புளியும் வத்தலும் உறங்கும் குளிர்கிடங்கு.
சுவருக்கு அந்தப் பக்கம் அம்மோனியா
குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது,
வெளியே வரும் எண்ணமே இல்லாததுபோல.

நான் மரம் வரைகிறவள்.
உச்சியில் ஒரு கெட்ட செய்தியை எழுதிவைத்து
அது நடக்க வேண்டுமானால்
எதெது நடந்திருக்க வேண்டும் என்று
கேட்டுக் கேட்டுக் கீழே இறங்குவேன்.

என் மரத்தில் கணு இரண்டு வகை.
'அல்லது' இரக்கமில்லாதது.
கேஸ்கெட் கிழிந்தால் போதும், அல்லது
வெல்டிங்கில் ஒரு மயிரிழை.
'உம்' கொஞ்சம் கருணை உள்ளது:
இதுவும் கெட்டு அதுவும் கெட்டால்தான் கேடு.
பள்ளிக்கூடத்தில் படித்த எண்ணும்மையைச்
சம்பளத்துக்குப் பயன்படுத்தும் ஆள்
இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான் போல.

மோப்பக் கருவிகள் இரண்டு.
ஒவ்வொன்றும் நூற்றில் ஒருமுறை ஏமாற்றும்.
இதுவும் அதுவும் ஒருசேர என்றால்
பத்தாயிரத்தில் ஒன்று.
முதலாளி தங்கமாரியப்பனுக்கு
அந்தச் சுழியங்கள் பிடித்துப்போயின.
"அப்படியே எழுதிக் குடுத்துருங்க."

இன்னொரு மரம் பக்கவாட்டில் படரும்.
கசிந்துவிட்டது. இனி?
சைரன் அலறியதா,
வாசிமலை விழித்திருந்தாரா,
வால்வை அடைத்தாரா,
காற்று கண்மாய்ப் பக்கமா காலனிப் பக்கமா.
ஆம் என்றால் மேலே, இல்லை என்றால் கீழே.
இலக்கணத்தில் இதுதான் ஐயவும்மை:
அடைத்தாலும் அடைப்பார்,
அடைக்காமலும் போவார்.

"என்னம்மா எழுதுறீங்க?" என்றார் வாசிமலை.
"ராத்திரி உங்கள எவ்வளவு நம்பலாம்னு."
"எவ்வளவு?"
"பத்துக்கு ஒம்போது."
"என் வீட்டுக்காரி அஞ்சு கூடத் தரமாட்டா" என்று
சிரித்தபடி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

ஏறிப் பார்த்தேன்.
முதல் கருவியின் வலைவாயில்
உலர்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம்.
இரண்டாவதிலும்.

ஆயுதபூஜை போய் இருபத்தாறு நாள்.
கம்ப்ரசருக்கு, தராசுக்கு, பூட்டுக்கு,
தீயணைப்பு வாளிக்கு,
ஒன்று விடாமல் பொட்டு வைத்திருக்கிறார்.
மூச்சு வாங்கும் இடம் எதுவென்று
பொட்டுக்கு யார் சொல்வது?

ஒரே கிண்ணம். ஒரே விரல்.
என் 'உம்' அங்கேயே உதிர்ந்தது.
இரண்டு என்று நான் பெருக்கியது
இரண்டே இல்லை.
பத்தாயிரத்தில் ஒன்று அல்ல முதலாளி,
இந்த இருபத்தாறு நாளும்
ஒன்றில் ஒன்று.

"சாமி காரியமாச்சே, அத எழுதணுமா?"

இரண்டு கிளைக்கும் கீழே புதிதாய் ஒரு கட்டம்,
பொதுக் காரணம்.
உள்ளே 'பராமரிப்புக் குறை' என்று எழுதக்
கை வரவில்லை.
மறந்ததால் வந்ததல்ல இது,
எதையும் மறக்காததால் வந்தது.
'சந்தனம்' என்றே எழுதினேன்.

ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டு வாசிமலையே துடைத்தார்.
சோதனைக்குச் சிறிது வாயு காட்டினேன்.
சைரன் அலறியது.
லோடுமேன் ஒருவர்
தூக்குவாளியை அணைத்துக்கொண்டு ஓடினார்.
காற்று எந்தப் பக்கம் என்று அவர் பார்க்கவில்லை.
அதற்கும் ஒரு கிளை போட வேண்டும்.

"மூளியா இருக்கேம்மா" என்று
கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு
கருவிக்கு நாலு விரல் தள்ளிச்
சுவரில் ஒரு பொட்டு வைத்தார்.
அதற்கு என்னிடம் எண் இல்லை.

டோல்கேட்டில் நீளமான வரிசை.
இறங்கிப் பின்பக்கம் போனேன்.
காரின் பம்பரில் நாலு சென்சார்,
நாலிலும் பொட்டு,
நான் வைத்தது.
சுரண்டி எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது
நகக்கண்ணில்
இன்னும் மணந்துகொண்டிருந்தது.